நான்கு மீட்டர் கீழே

நான் வேலை பார்க்கும் பம்ப் நிலையம்
கடல் மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே.
மலை எங்கே என்று ஃபிரீஸ்லாந்தில் யாராவது கேட்டால்
அணைக்கரையைக் காட்டுவோம்.
முப்பத்தெட்டுப் படி.
ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல்,
மறுபக்கம் கடலைவிடத் தாழ்வாய் மேயும் பசுக்கள்.

இங்கே எது இல்லையென்றாலும்
காற்றுக்குப் பஞ்சமில்லை.
சைக்கிளைக் கால்வாயில் தள்ளும்,
குடையை முதல் தெருவிலேயே மடக்கும்.
இந்த ஊரில்தான்
என் இடது சிறுநீரகத்தின் ஒரு செல்
பனிச்சிகரத்தில் மாட்டிக்கொண்டவன்போல்
மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சோமோஹார்ஜோ
திரையில் ஒரு சாம்பல் வட்டத்தைப் பெரிதாக்கினார்.
ஒவ்வொரு செல்லும் ஓயாமல்
ஓர் அவசரக் கடிதம் எழுதுமாம்:
காற்று போதவில்லை, ரத்தக்குழாய் அனுப்புக.
காற்று இருக்கும்வரை அது போய்ச் சேராது.
யுபிக்விட்டின் லைகேஸ் என்றொரு புரதம்
கடிதத்தின் முதுகில் சீட்டு ஒட்டும்,
சீட்டின் மேல் சீட்டு, அதன் மேல் இன்னொன்று.
ஒட்டியது நேரே அரவைக்கு.
எழுதுவதும் அரைப்பதும்,
எழுதுவதும் அரைப்பதும்.
இத்தனை வீண் வேலைக்குப் பெயர்தான்
ஆரோக்கியமாம்.

"அந்தச் செல்லில்
சீட்டு ஒட்டும் ஆள் இல்லை, ஹிஸ்கே."

விடுப்பில் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

எனக்கு அது புரியாமல் இல்லை.
மழை பொய்த்த ஒரு கோடையில்
மிதவை பாசியில் சிக்கி உச்சியிலேயே நின்றுவிட்டது.
வெள்ளம், வெள்ளம் என்றது.
மூன்று பம்புகளும் இரவெல்லாம் இறைத்தன.
நான்தான் பணியில்; காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
விடிந்தபோது கால்வாயில் சேறு,
சேற்றில் விலாங்குகள் வாய் திறந்து.
மோட்டார்மேல் என்ன குற்றம்?
அது சொன்னபடி கேட்டது.
கட்டிக்குள் ஓடிவந்த ரத்தக்குழாய்களையும்
என்னால் திட்ட முடியவில்லை.
உதவி என்று கேட்டதும் வந்தவை.

அப்பாவுக்கு வலது கண்ணில் வந்தது.
கப்பல் பட்டறையில் வெல்டிங் பொறி பட்டது என்றார்கள்,
அவரும் சாகும்வரை அப்படியே சொன்னார்.
கண்ணின் உள்ளே சிவப்பு வேர் பிடித்திருந்ததை
யாரும் பார்க்கவில்லை.
அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி உண்டு.
கெட்ட பிரதியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.
நல்லது, ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை,
நான் பாத்திரம் துலக்கும்போதோ தூங்கும்போதோ
அந்த ஒரே செல்லில் உதிர்ந்திருக்கிறது.

தம்பி டூவே பரிசோதனைக்கு வரமாட்டான்.
"சுண்டியாயிற்று, நாணயம் மேலேயே இருக்கட்டும்" என்கிறான்.
விழுந்துவிட்டதடா, நீ பிறக்கும் முன்பே,
உள்ளங்கையை நீதான் திறக்கவில்லை
என்று சொல்ல நினைத்து
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

காலையில் மூன்று மாத்திரை.
கடிதத்தைக் கிழிக்க இவற்றுக்கு வலுவில்லை.
படித்துக் காட்டுபவனின் வாயைப் பொத்தும், அவ்வளவுதான்.
ஆறு மாதத்தில்
மூன்று சென்டிமீட்டர் இரண்டானது.
நர்ஸ் கைதட்டினாள்.

ஆனால் பொத்திய வாய்
பொய்க் கடிதம் எது, மெய்க் கடிதம் எது என்று பார்க்காது.
ரத்தம் குறைகிறது, சிவப்பணு செய்யுங்கள் என்று
உடம்பு நிஜமாகவே எழுதுவதையும்
யாரும் படிப்பதில்லை.
முகம் வெளுத்துவிட்டது.
விரலில் மாட்டிய கருவி எண்பத்தொன்பது காட்டுகிறது.

இன்று அணைக்கரையில்
இருபத்திரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
காதைக் கிழிக்கும் காற்று,
வாய்க்குள் போகிறது, போய் எங்கேயும் சேரவில்லை.
கீழே ஒரு பசு என்னையே பார்த்தது.

டூவே அழைத்தான். எங்கே இருக்கிறாய்?
மலையில் என்றேன்.
எந்த மலை என்று சிரித்தான்.
பதில் இருந்தது.
சொல்ல மூச்சு வரட்டும் என்று
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.
அவன் சிரிப்பு நின்றது.
இரண்டு பக்கமும் காற்றின் இரைச்சல் மட்டும்.